கழற்ற வேண்டாத லென்ஸ்

சுங்கை பட்டாணியில் நான் கடைசியாக வேலை பார்த்த கண் கிளினிக்கின் வாசலில் இப்போது ஆள் உயரத்துக்கு ஒரு விளம்பரம் தொங்குகிறது. பல்லெல்லாம் தெரியச் சிரிக்கும் ஒரு பெண் தன் மூக்குக்கண்ணாடியைக் காற்றில் வீசுகிறாள். காலையில் லேசர், மாலையில் வீடு, கண்ணாடிக்கு விடுதலை என்று மூன்று மொழிகளில் எழுதியிருக்கிறார்கள். போன மாதம் என் கண் அழுத்தத்தைப் பார்த்துக்கொள்ளப் போனபோது, அங்கே வேலை செய்யும் பெண்கள் என்னைச் சூழ்ந்துகொண்டார்கள். "மிஸ்ஸி, ஒங்க காலத்துல லேசர் இல்லாம எப்படி லா சமாளிச்சீங்க? எங்க ஆண்டு மலருக்கு எழுதிக் கொடுங்களேன். சிரிப்பா நாலு விஷயம் போடுங்க" என்றார்கள். எங்கள் ஊர்ப் பக்கம் தாதிகளை மிஸ்ஸி என்றுதான் கூப்பிடுவார்கள். பணி ஓய்வு பெற்று எத்தனையோ காலமாகியும் எனக்கு அந்தப் பெயர் போகவில்லை.

சிரிப்பான விஷயம் இருக்கிறது. அதை முதலிலேயே எழுதிவிடுகிறேன். அதற்குப் பிறகு நான் எழுதப்போவதை அவர்கள் மலரில் போடமாட்டார்கள். போடாவிட்டால் போகட்டும்.

அலோர் ஸ்டார் மெர்கோங்கிலிருந்து ஓர் ஆசிரியை எங்களிடம் வந்துகொண்டிருந்தார். கண்ணாடி போட்ட பெண்ணுக்கு மாப்பிள்ளை அமையாது என்று அவர் அம்மா அடம்பிடித்து, கருவிழிமேல் வைத்துக்கொள்ளும் கெட்டி லென்ஸுக்கு மாற்றிவிட்டார். அந்தக் காலத்து லென்ஸ் என்பது ஒரு பிளாஸ்டிக் சில்லு. கண்ணைக் கசக்கினால் எகிறிப் போய்விடும். ஒருநாள் பள்ளிச் சபையில் தேசிய கீதம் பாடிக்கொண்டிருக்கும்போது அது எகிறிவிட்டது. பாட்டு முடியும்வரை அசையவும் முடியாது. முடிந்ததும் பள்ளிக்கூடமே மண்டியிட்டுத் தேடியது. கடைசியில் அது தலைமையாசிரியரின் சப்பாத்துக் காலுக்கு அடியில் இரண்டாகக் கிடந்ததாம். அந்த இரண்டு துண்டையும் கைக்குட்டையில் முடிந்துகொண்டு வந்து, ஒட்ட முடியுமா என்று கேட்டார்.

இன்னொருவர் ஒரு தவுக்கேயின், அதாவது சீன முதலாளியின், மகன். எண்பதுகளில் வெளிநாட்டுக்குப் போய், கருவிழியைச் சுற்றி சைக்கிள் சக்கரத்துக் கம்பிகள்போலக் கத்தியால் கீறிக்கொண்டு வந்தார். அப்படிக் கீறினால் கருவிழி தட்டையாகித் தூரப் பார்வை சரியாகிவிடும் என்பது கணக்கு. கண்ணாடி போனது உண்மைதான். ஆனால் இரவில் எதிரே வரும் ஒவ்வொரு காடியின் விளக்கும் நட்சத்திரமாக வெடித்ததால், ராத்திரியில் காடி ஓட்டுவதையே விட்டுவிட்டார். ஓட்டுநர் வைத்துக்கொள்ள அவருக்கு வசதி இருந்தது.

இவர்கள் கண்ணாடி பிடிக்காதவர்கள். கண்ணாடி போட்டால் பிழைப்பே போய்விடும் என்ற நிலையில் இருந்தவர்கள் வேறு ஆட்கள். எனக்கு நினைவில் நிற்பது அவர்களில் ஒருவர்தான். இத்தனை கால வேலையில் எத்தனையோ பேருக்குப் பார்வை வந்தது, எனக்கு வாழ்த்துச் சொன்னவர்கள் உண்டு, பலாப்பழம் கொண்டுவந்து கொடுத்தவர்கள் உண்டு. அவர்கள் முகமெல்லாம் கலைந்துபோய்விட்டது. இந்த ஒரு முகம் போகமாட்டேன் என்கிறது.

எழுபதுகளின் நடுவில் நான் வேலைக்குச் சேர்ந்தது ஒரு சிறிய கிறிஸ்தவச் சபை நடத்திய கண் ஆஸ்பத்திரி. இப்போது அந்தக் கட்டடமே இல்லை. டாக்டர் தம்பையா என்பவர்தான் அங்கே பெரியவர். மெலிந்த ஆள், பேச்சு குறைவு. நோயாளியின் இமையைத் தொடுவதற்கு முன்னால் இரண்டு கைகளையும் ஒன்றோடொன்று தேய்த்துச் சூடாக்கிக்கொள்வார். யாராக இருந்தாலும் முதல் கேள்வி, "என்ன வேலை செய்யிறீங்க?" என்பதுதான். பெயரைக்கூட அதற்குப் பிறகுதான் கேட்பார். ஏன் என்று நான் ஒருமுறை கேட்டதற்கு, "தையல்காரருக்கு வேண்டியது ஒரு கண், மீனவருக்கு வேண்டியது வேற கண். ஆஸ்பத்திரில ஒரே கண்ணத்தான் எல்லாருக்கும் குடுக்கிறோம். அது தப்பு" என்றார்.

நான் சேர்ந்த புதிதில் அவர் எனக்குக் கொடுத்த பயிற்சியை மறக்கவே முடியாது. அப்போதெல்லாம் கண்ணில் புரை விழுந்தால், மங்கிப்போன வில்லையைப் பனிபோல உறைய வைக்கும் ஒரு குச்சியால் ஒட்டி முழுதாக வெளியே எடுத்துவிடுவார்கள். அதன் இடத்தில் எதையும் வைக்க மாட்டார்கள். கண்ணுக்குள் இருந்த வில்லைக்குப் பதிலாக, மூக்குமேல் போத்தல் அடிபோலத் தடித்த கண்ணாடி. டாக்டர் என்னை உட்காரவைத்து, என் கண்களில் இரண்டு கெட்டி லென்ஸ்களை வைத்து, அதன்மேல் அந்தத் தடித்த கண்ணாடியை மாட்டிவிட்டார். இரண்டும் சேர்ந்தால் ஆப்பரேஷன் ஆனவர்கள் பார்க்கும் உலகம் வந்துவிடுமாம். "இன்னைக்குச் சாயந்தரம் வரைக்கும் கழட்டாத. நீதானே அவங்களுக்குப் படி ஏறச் சொல்லிக் குடுக்கப் போற. மொதல்ல நீ ஏறு" என்றார்.

எல்லாம் பெரிதாகவும் கிட்டத்திலும் தெரிந்தது. கதவு நிலை இரண்டு பக்கமும் உள்ளே வளைந்திருந்தது. தேநீர்க் குவளைக்குள் ஊற்றுகிறேன் என்று மேசையில் ஊற்றினேன். நேரே பார்ப்பதற்கும் ஓரத்தில் தெரிவதற்கும் நடுவே ஒரு வளையம் முழுக்க எதுவுமே தெரியாது. அந்த வளையத்துக்குள் நடந்து வந்த ஆயா திடீரென்று என் முகத்துக்கு முன்னால் முளைத்தபோது வீலென்று கத்திவிட்டேன். டாக்டர் சிரிக்கவில்லை. "இதப் போட்டுக்கிட்டு வீட்ல சும்மா உட்காந்திருக்கலாம். வேலை செய்ய முடியுமான்னு நெனச்சுப் பாரு" என்றார்.

மாதம் ஒருமுறை எங்கள் வேன் தோட்டங்களுக்குப் போகும். தெற்கே பண்டார் பாருவரைகூடப் போயிருக்கிறோம். அப்படி மெர்போக் பக்கத்துத் தோட்டம் ஒன்றுக்குப் போனபோதுதான் அஞ்சலையக்கா வந்தார். வயது நாற்பது இருக்கும். கணவர் இல்லை. கலா என்று ஒரே மகள், தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் படித்துக்கொண்டிருந்தாள். அம்மாவின் கையைப் பிடித்துக் கூட்டிவந்ததும் அவள்தான்.

"என்ன வேலை செய்யிறீங்க?" என்றார் டாக்டர்.

"மரம் வெட்டுறேங்கய்யா. பொறந்ததுலேர்ந்து கித்தாக்காடுதான். இப்ப ஒரு வருசமா புகை மூட்டமா இருக்கு. மண்டோரு பாத்துட்டாரு. மரத்துல காயம் நெறய விழுதுன்னு தொரைகிட்ட எழுதிப் போட்டுருவேன்னு சொல்லிட்டாரு."

தோட்டம் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். கித்தா என்றால் ரப்பர். மரம் வெட்டுவது என்றால் மரத்தைச் சாய்ப்பது இல்லை, பால் இறங்குவதற்காக ரப்பர் மரத்தின் பட்டையை உளியால் மெல்லிசாகச் சீவி எடுப்பது. மேலோடு சீவினால் பால் வராது. கொஞ்சம் ஆழம் போனால் மரம் காயப்பட்டுவிடும், அந்த இடத்தில் பட்டை மறுபடி சீராக வளராது. விடிவதற்கு முன்பே நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு இதைச் செய்வார்கள். பின்னாலேயே மண்டோர், அதாவது மேற்பார்வையாள், மரம் மரமாகக் காயம் தேடிக்கொண்டு வருவார். அந்தத் தோட்டத்தில் புல் வெட்டுவதும் மருந்தடிப்பதும் ஏற்கெனவே காண்ட்ராக்ட்காரர் கைக்குப் போய்விட்டன. காண்ட்ராக்ட் ஆளுக்கு லயத்தில், தோட்டம் கொடுக்கும் வரிசை வீடுகளில், இடம் கிடையாது. ஆக, அஞ்சலையக்காவுக்கு மரம் வெட்டு போனால் வேலை போகும், வேலை போனால் லயத்து வீடு போகும், வீடு போனால் கலாவின் பள்ளிக்கூடமும் போகும்.

இரண்டு கண்ணிலும் புரை. வலது கண்ணில் நன்றாக முற்றியிருந்தது, இடது கண்ணில் இளசு. முற்றாத புரையைத் தொடக்கூடாது என்பது அப்போதைய வழக்கம். வலது கண்ணுக்கு ஆப்பரேஷன் நடந்தது. நான்தான் கருவிகளை எடுத்துக் கொடுத்தேன். உறைந்த வில்லை குச்சியோடு ஒட்டிக்கொண்டு ஒரு சேதமும் இல்லாமல் வந்தது. டாக்டரின் ஆப்பரேஷன்களில் அது மிக அழகான ஒன்று. அதற்குப் பிறகு தலைக்கு இரண்டு பக்கமும் மணல் மூட்டை வைத்து, இரண்டு கண்களையும் கட்டி, அசையாமல் படுக்க வைத்தோம். தும்மல் வந்தால் அடக்கிக்கொள்ள வேண்டும். அஞ்சலையக்கா அப்படிப் படுத்துக்கொண்டே, "மிஸ்ஸி, மழ பேயுதா? மழ பேஞ்சா இன்னைக்கு வெட்டு இல்ல, என் மரத்துல வேற ஆளு கைய வைக்க மாட்டாங்க" என்பார். வெயில் அடித்த நாளிலும் நான் மழை என்றுதான் சொன்னேன்.

கட்டு அவிழ்ந்து, புண் ஆறி, தடித்த கண்ணாடி போட்டாயிற்று. அப்போதுதான் தொல்லை ஆரம்பித்தது. வலது கண்ணில் எல்லாம் பெரிசு, இடது கண்ணில் எல்லாம் பழைய அளவு. இரண்டையும் மூளையால் சேர்க்க முடியாது, ஒன்று இரண்டாகத் தெரியும். இடது கண்ணை மறைத்துவிட்டு வலது கண்ணால் மட்டும் பார்த்தால் தெளிவு இருந்தது, தூரம் தப்பாக இருந்தது. டாக்டர் தம் அறையில் பட்டையோடு ஒரு ரப்பர் மரக் கட்டை வைத்திருப்பார், தோட்டத்துக்காரர்களைச் சோதிப்பதற்கு. "சீவுங்க" என்று உளியைக் கொடுத்தார். அஞ்சலையக்காவின் உளி பட்டைக்கு முன்னால் காற்றைச் சீவியது. மறுமுறை அழுத்தினார். பட்டை முழுவதும் பிளந்து, உள்ளே வெள்ளைக் கட்டை தெரிந்தது.

இருபது வருஷத்துக்கு மேல் மரம் வெட்டின மனுஷி. அந்த வெள்ளையைத் தடவிப் பார்த்துவிட்டு, "இது நான் வெட்டுனது இல்லீங்கய்யா" என்றார்.

அந்தச் சமயத்தில்தான் வெளிநாட்டுச் சபையிலிருந்து ஒரு பெட்டி நிறைய மெத்தென்ற லென்ஸ்கள் தானமாக வந்திருந்தன. மெர்கோங் ஆசிரியை வைத்திருந்த சில்லு மாதிரி இல்லை. ஈரமான மீன் செதில்போல விரலில் ஒட்டிக்கொள்ளும். புரை எடுத்தவர்களுக்கென்றே செய்தது. கருவிழிமேலேயே இருப்பதால் பொருள்கள் ஏறக்குறைய சரியான அளவில் தெரியும். அதைவிடப் பெரிய வசதி, தினமும் கழற்ற வேண்டாம். தூங்கும்போதும் அப்படியே இருக்கலாம். மாதம் ஒருமுறை ஆஸ்பத்திரிக்கு வந்தால் நாங்களே எடுத்துக் கொதிக்கவைத்துச் சுத்தம் செய்து, கண்ணுக்கு ஓர் இரவு ஓய்வு கொடுத்து, மறுபடி வைத்துவிடுவோம். ரப்பர்ப் பால் ஒட்டிய கையால் அவர் தன் கண்ணைத் தொடவே தேவையில்லை. டாக்டர் அதை நினைத்துத்தான் இந்த லென்ஸைத் தேர்ந்தெடுத்தார்.

ஆபத்தையும் மறைக்கவில்லை. "கண் செவந்தாலோ, வலிச்சாலோ, மங்கலாத் தெரிஞ்சாலோ அன்னைக்கே வந்துரணும். கிருமி பூந்தா கண்ணே போயிடும். யோசிச்சுச் சொல்லுங்க" என்றார்.

"கண்ணாடி போட்டா வேலை போவும். வேலை போனா வீடு போவும். வீடு போனப்புறம் கண்ண வச்சிக்கிட்டு நான் எதப் பாக்கங்கய்யா? வையிங்க" என்றார் அஞ்சலையக்கா.

கீழே பார்க்கச் சொல்லி, மேல் இமையை உயர்த்திப் பிடித்து, லென்ஸை வைத்தேன். டாக்டர் விளக்கை இறக்கி, இமைக்கும்போது லென்ஸ் கொஞ்சம் நகர்கிறதா என்று வெகுநேரம் பார்த்தார். நகராமல் ஒட்டிக்கொண்டாலும் தப்பு, அதிகம் ஓடினாலும் தப்பு. இது சரியாக இருந்தது. அப்புறம் கட்டையையும் உளியையும் கொடுத்தார். அஞ்சலையக்கா ஒரே இழுப்பில் சீவினார். பட்டை, வெங்காயத் தோல் மாதிரி சுருண்டு விழுந்தது. அந்தச் சுருளை எடுத்து டாக்டர் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். அவர் சிரித்து நான் பார்த்தது அன்றைக்கு ஒருமுறைதான். கலா கைதட்டினாள். எனக்கு அழுகை வந்துவிட்டது.

சில மாதங்கள் எல்லாம் நன்றாகப் போயிற்று. சொன்ன தேதியில் பஸ் பிடித்து வந்துவிடுவார். "மண்டோரு காயம் தேடித் தேடிப் பாத்துட்டு, சும்மா போறாரு மிஸ்ஸி. அவருக்கு ரொம்ப சூசாவா இருக்கு" என்று கேலி செய்வார். சூசா என்றால் மலாயில் கஷ்டம். அவர் வீட்டு முருங்கைக்கீரையை நான் சமைத்துச் சாப்பிட்டிருக்கிறேன். ஆஸ்பத்திரிக்கு யாராவது முக்கியமானவர்கள் வந்தால், மரம் வெட்டும் பெண்ணுக்கு லென்ஸ் வைத்த கதையைத்தான் எங்கள் சபையார் முதலில் சொல்வார்கள்.

அதன் பிறகு மழைக்காலம் வந்தது. மழை நாளில் பால் மங்கிலேயே, அதாவது பால் சேரும் குவளையிலேயே, உறைந்து கெட்டுப்போகும். உறையாமல் இருப்பதற்கு அமோனியா ஊற்றுவார்கள். அந்த வருடம் ஈரம் அதிகம் என்று மருந்தைக் கூட்டி ஊற்றச் சொல்லியிருக்கிறார்கள். ஒவ்வொரு மங்குக்கும் குனிந்து குனிந்து ஊற்றும்போது ஆவி நேரே முகத்தில் அடிக்கும். தோட்டத்தில் எல்லாருக்கும் கண் எரிந்தது. எல்லாரும் கண்ணைத் துடைத்துக்கொண்டே வேலை செய்தார்கள். மெத்தென்ற லென்ஸ் நீரை உறிஞ்சுவதுபோலவே ஆவியையும் உறிஞ்சி வைத்துக்கொள்ளும். அஞ்சலையக்காவின் இடது கண் எரிந்து அடங்கியது. வலது கண் எரிந்துகொண்டே இருந்தது.

கண் எரிச்சலுக்கு லயத்தில் எல்லாருக்கும் தெரிந்த ஒரு வைத்தியம் உண்டு. பிள்ளைக்குப் பால் கொடுக்கும் பெண் யாராவது வந்து, நேராகக் கண்ணில் இரண்டு சொட்டு பீய்ச்சிவிடுவாள். குளிர்ச்சியாக இருக்கும். யாரும் இல்லையென்று சொல்லமாட்டார்கள், சொன்னால் பாவம். பக்கத்து வீட்டு லெட்சுமிக்குக் கைக்குழந்தை இருந்தது. "வாக்கா, படு" என்று மடியில் தலையை வைத்துக்கொண்டு அவளும் பீய்ச்சிவிட்டிருக்கிறாள். பகலுக்கு ஒருமுறை, படுக்கப் போகும்போது ஒருமுறை. பாசத்தோடு செய்தாள். லென்ஸுக்கு அடியில் தங்கிய பால் கிருமிக்குச் சோறாகிப்போனது.

கலா கூட்டிக்கொண்டு வந்தபோது கட்டியிருந்த துணியே பச்சையாக இருந்தது. நான் துணியை எடுத்தேன். கருவிழி வெந்த முட்டைபோல வெளுத்து, நடுவில் குழைந்துபோயிருந்தது. கண்ணுக்குள் கீழ்ப்பாதியில் சீழ் தேங்கி நின்றது. லென்ஸ் அந்தக் குழைவில் ஒட்டிக்கொண்டிருந்தது. டாக்டர் எப்போதும்போலக் கைகளைத் தேய்த்துச் சூடாக்கிக்கொண்டார். அன்றைக்கு வெகுநேரம் தேய்த்துக்கொண்டே நின்றார்.

"அன்னைக்கே வரணும்னு சொன்னேனேம்மா. ஏன் வரல?"

"எல்லாருக்குந்தான் எரிஞ்சுதுங்கய்யா" என்றார் அஞ்சலையக்கா.

வலித்தால் வா என்று எரிச்சலிலேயே வாழ்கிறவரிடம் சொல்லியிருக்கிறோம். சிவந்தால் வா என்றோம். அங்கே யார் கண் சிவக்காமல் இருந்தது? டாக்டர் ஒவ்வொருவரிடமும் என்ன வேலை என்று கேட்பவர்தான். ஆனால் அந்த வேலையில் என்ன வாசம் மூக்கில் ஏறும் என்று அதுவரை அவரும் கேட்டதில்லை. இந்தச் சம்பவத்துக்குப் பிறகு கேட்க ஆரம்பித்தார். அஞ்சலையக்காவுக்கு அதனால் எந்தப் பயனும் இல்லை.

மணிக்கொரு முறை சொட்டு மருந்து ஊற்றினோம். நான் வீட்டுக்குப் போகவில்லை. கருவிழி ஓட்டையாகிவிட்டது. உள்ளே இருப்பதை எடுத்துவிடாவிட்டால் கிருமி மூளைக்குப் போகும் என்ற கட்டம் வந்ததும், அந்த ஆப்பரேஷனையும் டாக்டரே செய்தார். முன்பு நின்ற அதே இடத்தில் நின்று நானும் கருவிகளை எடுத்துக் கொடுத்தேன். சில மாதம் கழித்துச் செயற்கைக் கண் பொருத்தினோம். நிறம் அப்படியே பொருந்தியது. எங்கள் ஆஸ்பத்திரிக்குச் செயற்கைக் கண்ணில் நல்ல பெயர் இருந்தது.

பிறகு நடந்ததெல்லாம் அவர் பயந்தபடியே நடந்தது. மழுங்கிய ஒற்றைக் கண்ணோடு மரத்தில் காயம் விழுந்தது. மண்டோர் எழுதிப் போட்டார். அவரையும் குறை சொல்லமாட்டேன், அவருக்கு மேலே கிராணி என்கிற கணக்கர், கிராணிக்கு மேலே தோட்ட நிர்வாகியான துரை. லயத்து வீட்டைக் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். நானும் சபையாரும் துரையைப் பார்க்கப் போனோம். மரியாதையாக உட்காரவைத்து, தேநீர் கொடுத்து, முடியாது என்று சொன்னார். அஞ்சலையக்கா மகளோடு சுங்கை பட்டாணி ஓரத்தில் ஒரு பலகை வீட்டுக்குப் போனார். கலா படிப்பை நிறுத்தி, வேலைக்குப் போகிற வயது வந்ததும் பிறை என்ற ஊர்ப் பக்கத்து மின்னணுத் தொழிற்சாலை ஒன்றில் சேர்ந்துவிட்டாள் என்று கேள்விப்பட்டேன்.

டாக்டர் மிச்சமிருந்த லென்ஸ் பெட்டியைத் திருப்பி அனுப்பிவிட்டார். ரப்பர்க் கட்டையும் மேசையிலிருந்து காணாமல் போயிற்று.

எண்பதுகளின் பிற்பாதியில் எங்களுக்கும் உள்வில்லை வந்து சேர்ந்தது. புரையை எடுத்த இடத்திலேயே, கண்ணுக்குள்ளேயே, ஒரு சின்ன வில்லையைப் பொருத்திவிடுவது. கழற்றவும் வேண்டாம், கழுவவும் வேண்டாம், போத்தல் அடிக் கண்ணாடியும் வேண்டாம். டாக்டருக்கு அப்போதே தலை முழுக்க நரைத்துவிட்டது. முதல் உள்வில்லையைப் பொருத்திவிட்டு வெளியே வந்து, கைகழுவும் தொட்டிக்குப் பக்கத்தில் அப்படியே உட்கார்ந்தார். நான் பாராட்டப் போனேன். "அந்த அம்மா அஞ்சலை எங்க இருக்காங்க? இடது கண்ணு இப்ப முத்தியிருக்கும். கூட்டிட்டு வா எஸ்தர்" என்றார். என் பெயரைச் சொல்லி அவர் கூப்பிட்டது அபூர்வம்.

விசாரித்துக்கொண்டு அந்தப் பலகை வீட்டுக்குப் போனேன். அஞ்சலையக்கா வாசல் பக்கம் உட்கார்ந்து பருப்பில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தார், விரலால் தடவித் தடவி. இடது கண் பால்போல வெளுத்திருந்தது. குரலைக் கேட்டதுமே, "மிஸ்ஸியா? வாங்க வாங்க" என்று எழுந்து கையைப் பிடித்துக்கொண்டார். என்மேல் அவருக்குக் கோபம் இருந்திருந்தால் எனக்கு எவ்வளவோ நிம்மதியாக இருந்திருக்கும். தேநீர் கலந்தார். குவளை நிறைந்ததா என்று பார்க்கச் சூட்டுக்குள் விரல் நுனியை விட்டுப் பார்த்துவிட்டுக் கொடுத்தார்.

நான் எல்லாவற்றையும் எடுத்துச் சொன்னேன். இது வேறு, உள்ளேயே இருக்கும், அமோனியாவும் கிருமியும் கிட்டே வராது, மறுநாளே பார்வை தெரியும், டாக்டரே செய்கிறார், ஒன்றும் கொடுக்க வேண்டாம் என்றேன். என் வாழ்நாளில் யாரிடமும் அப்படிக் கெஞ்சியதில்லை. அவர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"டாக்டரய்யா நல்லா இருக்காரா?"

"இருக்காருக்கா. ஒங்களத்தான் கேட்டுக்கிட்டே இருக்காரு."

"நல்ல மனுசன். நீங்களும் நல்லவங்கதான் மிஸ்ஸி, நான் இல்லன்னு சொல்லல. ஆனா இன்னொரு தடவ ஒங்கள நம்புறதுக்கு எங்கிட்ட வேற கண்ணு இல்ல."

"இந்தக் கண்ணுலதான் ஒண்ணுமே தெரியலையேக்கா. போறதுக்கு என்ன இருக்கு?"

"வெளிச்சம் தெரியுது. கலா கதவத் தொறந்தா தெரியுது. அது போதும் எனக்கு."

மறுபடியும் பேசிப் பார்த்தேன். அவர் பருப்பை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். அதற்கு மேல் சொல்ல எனக்கு எந்த உரிமையும் இருந்ததாகத் தோன்றவில்லை. அவர் சொன்னது தப்பு என்று எந்தக் கண் டாக்டரும் சொல்வார், நானும் சொல்வேன். அவருடைய இடத்தில் இருந்தால் நானும் அதையேதான் சொல்லியிருப்பேன்.

நான் கிளம்பும் நேரத்தில் கலா வேலை முடிந்து வந்தாள். நல்ல உயரமாக வளர்ந்திருந்தாள். பஸ் நிற்குமிடம் வரை வருகிறேன் என்று என்கூட நடந்தாள். அவளாவது அம்மாவைச் சம்மதிக்க வைப்பாள் என்று நினைத்து அந்தப் பேச்சை எடுத்தேன். அவள் சரி சரி என்று கேட்டுக்கொண்டாளே தவிர, மனம் வேறு எங்கோ இருந்தது. கொஞ்ச தூரம் போனதும் நின்றாள்.

"மிஸ்ஸி, நான் மைக்ரோஸ்கோப் லைன்ல இருக்கேன். காலையிலேர்ந்து அதுலயே குனிஞ்சு சின்னக் கம்பி ஒட்டணும். இப்பக் கொஞ்ச நாளா தூரத்துல பஸ் நம்பர் தெரிய மாட்டேங்குது. தலையும் வலிக்குது."

"கண்ணாடி போடணும்மா. நாளைக்கே வா, நானே பாத்துத் தர்றேன்."

"கண்ணாடி போட்டவங்கள அந்த லைன்ல வைக்க மாட்டாங்க மிஸ்ஸி. நிறுத்திருவாங்க. வேற ஆளு வந்துக்கிட்டே இருக்காங்க." திரும்பி வீட்டுப் பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "அம்மாவுக்கு வச்சீங்களே, கழட்டவே வேண்டாத லென்ஸு, அது எனக்கு வைக்க முடியுமா? எங்க ஃபேக்டரில அமோனியா எல்லாம் இல்ல மிஸ்ஸி. ரொம்பச் சுத்தமா இருக்கும்."